மலைப்பாம்பின் பல பெயர்கள்: மொழிபெயர்ப்பாளன் ஒருவனின் விண்ணப்பம்

சில ஆண்டுகளுக்கு முன் பாம்புக்கடி பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்றை மராத்தியிலிருந்து தமிழாக்கும் பணி எனக்கு வாய்த்தது. மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் முதலிய பகுதிகளில் வாழும் தமிழ் மக்களிடையே மழைக்காலத் தொடக்கத்தில் வழங்குவதற்காக அது தயாரிக்கப்பட்டது. மூலத்தில் அப்பகுதிகளில் காணக்கூடிய பாம்புகளின் பெயர்ப்பட்டியல் ஒன்று இருந்தது. அதில் 'துர்க்யா கோணஸ்' என்பதும் ஒரு பெயர். மராத்தியில் 'கோணஸ்' என்பது நம் கண்ணாடி விரியனைக் குறிக்கும் என்பதை அறிந்திருந்தேன். ஆதலின் சிறிதும் ஐயுறாமல் 'கண்ணாடி விரியனில் ஒரு வகை' என்று எழுதி முடித்தேன்.

அச்சுக்குச் செல்லுமுன் அதைப் பார்வையிட்டவர் ஒரு களப்பணியாளர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் அந்த வரியில் விரலை வைத்து, "அண்ணாச்சி, இது விரியனே இல்லை. ஊரில் மண்ணுளி என்று சொல்லுவோமே, அந்தச் சாதி. இதற்கு விஷம் கிடையாது" என்றார். நான் விழித்தேன். அவர் மேலும் சொன்னார்: "இப்படி எழுதினால் பாவம், இந்தப் பாம்பை அடித்துக் கொல்லுவார்கள். அதோடு போயிற்று. இதையே மாற்றி, விரியனை மண்ணுளி என்று எழுதியிருந்தீர்களானால் ஆளே போயிருப்பான்."

பிழை திருத்தப்பட்டது. எனினும் அவர் கூறிய இறுதி வாக்கியம் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. மொழிபெயர்ப்பில் ஏற்படும் பிழை பெரும்பாலும் நடையைக் கெடுக்கும். சில வேளை பொருளைக் கெடுக்கும். உயிரைக் கெடுக்கும் பிழையும் உண்டு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பாம்புகளின் பெயர்களை, சிறப்பாக இரையைச் சுற்றி நெரித்துக் கொல்லும் நஞ்சற்ற பாம்புகளின் பெயர்களை, நாம் எவ்வாறு எழுதவும் கற்பிக்கவும் வேண்டும் என்பது குறித்து என் கருத்தைக் களப்பணியாளர்கள், ஆசிரியர்கள் ஆகியோர் முன் வைக்க விரும்புகிறேன்.

முதற்கண் இப்பாம்புகள் எவை என்பதைச் சுருக்கமாகக் காண்போம். நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் மலைப்பாம்பை விஞ்ஞானிகள் 'பைதான் மொலூரஸ்' என்பர். பெரும்பாலும் 3 மீட்டர் அளவு வளரும். அதனினும் நீண்டவையும் உண்டு. வடகிழக்கிலும் இமயமலை அடிவாரத்திலும் பர்மிய மலைப்பாம்பு உள்ளது. நிக்கோபார்த் தீவுகளில் வலைபோன்ற கோலமுடைய மலைப்பாம்பு வாழ்கிறது. உலகப் பாம்புகளுள் மிக நீளமானது அதுவே. இவையன்றி, 'போவா' எனப்படும் கூட்டத்தைச் சேர்ந்த மண்ணுளிப் பாம்புகள் நம் நாட்டு வறண்ட நிலங்களில் உள்ளன. உருவத்தில் இவை சிறியவை. ஒரு மீட்டர் அளவினும் மிகுவது அரிது. எனினும் இரையை நெரித்துக் கொல்லும் வழக்கத்தால் பெரிய பாம்புகளுக்கு உறவின. மலைப்பாம்புகள் முட்டையிடும், பெண் பாம்பு முட்டைகளைச் சுற்றிப் படுத்து, தசைகளைத் துடிக்கச் செய்து வெப்பமூட்டி அடைகாக்கும். மண்ணுளிகளோ குட்டி ஈனுவன.

நெரிப்பது என்றதும் மூச்சு முட்டிச் சாவதாகவே நாம் எண்ணி வந்தோம். 2015ஆம் ஆண்டு அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரி ஆய்வாளர்கள், போவாவின் பிடியிலிருந்த எலிகளின் இரத்த அழுத்தத்தை அளந்தனர். சில நொடிகளிலேயே இரத்த ஓட்டம் தடைப்படுவதை அவர்கள் கண்டனர். மூச்சு நிற்பதற்கு முன்னரே இதயமும் மூளையும் இரத்தமின்றித் தவிக்கின்றன. ஆகவே இப்பாம்புகளுக்கு நஞ்சு தேவைப்படவில்லை. நச்சுப்பல்லும் அவற்றிற்கு இல்லை. பின்னோக்கி வளைந்த பற்களால் கடித்தால் காயமும் குருதியும் உண்டாகும்; நஞ்சேறுதல் இராது.

இனிப் பெயர்களுக்கு வருவோம். இப்பாம்புக்கு ஒவ்வொரு மொழியும் இட்ட பெயர் ஒவ்வோர் எண்ணத்தைச் சுமந்து நிற்கிறது. வடமொழியில் 'அஜகரம்', ஆட்டை விழுங்குவது என்று பொருள். மராத்தியிலும் இந்தியிலும் வழங்கும் 'அஜகர்' அதுவே. மலையாளத்தார் 'பெரும்பாம்பு' என்பர். கன்னடத்தார் 'ஹெப்பாவு' என்பதும் அப்பொருளதே. சங்க இலக்கியத்தில் 'மாசுணம்' என்ற சொல் ஆளப்பட்டுள்ளது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், வீழ்ந்து கிடக்கும் மரம்போல் தோன்றும் மாசுணத்தையும் அது யானையின் வலிமையை அழிப்பதையும் பேசுகிறது. இலங்கைத் தமிழர் 'வெங்கிணாந்தி' என்பர். சிங்களவர் 'பிம்புரா' என்பர். நாம் 'மலைப்பாம்பு' என்கிறோம்.

நம் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. செம்பூர் வட்டாரப் பள்ளி ஒன்றில் மாணவர்களிடம் இப்பாம்பு எங்கு வாழும் என்று கேட்டபோது, ஒரே குரலில் "மலையில்" என்றனர். பெயர் அவ்வாறு சொல்லுகிறது. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. உண்மையில் மலைப்பாம்பு சமவெளிப் புதர்க்காட்டிலும், நீர்நிலைக் கரையிலும், சதுப்பு நிலத்திலும் வாழும். இராஜஸ்தானத்தில் பறவைகளுக்குப் பெயர்பெற்ற கேவலதேவ் நீர்நிலப் பூங்காவில் அது முள்ளம்பன்றியின் வளையில் குடியிருக்கிறது. நம் நகரத்திலும் மழைக்காலத்தில் செம்பூர், டிராம்பே பக்கங்களில் மலைப்பாம்பு பிடிபட்ட செய்தி நாளிதழ்களில் வருவதுண்டு. 'மலை' என்ற சொல்லை நம்பியிருப்பவர், தம் வீட்டுப் பின்புறக் கால்வாயில் அதைக் கண்டால் வேறேதோ கொடிய பாம்பு என்று கருதித் தடியெடுப்பது இயற்கையே.

ஐரோப்பியர் இட்ட பெயர்களின் கதை இன்னும் விந்தையானது. 'போவா' என்ற சொல் உரோமானிய ஆசிரியர் பிளினியின் நூலில் காணப்படுகிறது. பசுவின் பாலைக் குடித்து வளர்வதாக அவர் கூறிய இத்தாலி நாட்டுப் பாம்பின் பெயர் அது. பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு அதைத் தொடர்புபடுத்தினார். நம் கிராமங்களில் சாரைப்பாம்பு பசுவின் மடியில் பால் குடிக்கும் என்று சொல்லுகிறோமல்லவா, அதே நம்பிக்கை! 1758இல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் இப்பெயரை எடுத்து, இத்தாலியில் இல்லாத, அமெரிக்கக் கண்டத்துப் பெரும் பாம்புகளுக்குச் சூட்டினார். 'பைதான்' என்பது கிரேக்கப் புராணத்தில் டெல்பி என்ற தலத்தில் அப்பல்லோ தேவனால் கொல்லப்பட்ட பெரும் நாகத்தின் பெயர். அதை 1803இல் பிரெஞ்சு நாட்டு இயற்கையியலார் தோதான், ஆசியப் பெரும் பாம்புகளுக்கு இட்டார். இன்று மாட்டுங்காவில் ஒரு கல்லூரி மாணவரிடம் 'பைதான்' என்றால் அவர் பாம்பை நினைக்கமாட்டார். 1991இல் வெளிவந்த கணினி மொழியையே நினைப்பார். அம்மொழிக்கோ அப்பெயர் பாம்பிலிருந்து வரவில்லை. பிரிட்டிஷ் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றின் பெயரிலிருந்து வந்தது.

'அனகோண்டா'வின் கதை நமக்கு மிக நெருங்கியது. இப்பெயரைக் கேட்டதும் தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் பருத்த பாம்பு நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் இச்சொல் முதலில் வழங்கியது அங்கல்ல. 1693இல் ஜான் ரே என்ற ஆங்கில அறிஞர், லெய்டன் அருங்காட்சியகப் பட்டியல் ஒன்றைக் கொண்டு, எருமை முதலிய கால்நடைகளின் உறுப்புகளை நொறுக்கும் இலங்கைப் பாம்பு என இதைக் குறித்தார். 1768இல் ஸ்காட்லாந்துப் பத்திரிகை ஒன்றில், இலங்கையில் இப்பாம்பு புலியை நொறுக்கிக் கொன்றதை நேரில் கண்டதாக ஒரு கடிதம் வெளியாயிற்று. இலங்கைக் காடுகளில் சிறுத்தை உண்டு, புலி இல்லை. இவ்வொன்றே அக்கடிதத்தின் தன்மையைக் காட்டும்.

இச்சொல்லின் மூலம் பற்றி இரு கருத்துகள் உள. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் யூல் என்பவர், 'ஆனை கொன்ற' என்ற தமிழ்த் தொடரிலிருந்து இது பிறந்திருக்கலாம் என்றார். மலைபடுகடாத்தின் மாசுணத்தை நினைக்கும்போது இக்கருத்து நமக்கு இனிக்கிறது. பாம்புகளை நன்கறிந்த மற்றையோர், சிங்களத்தின் 'ஹெனகந்தயா' என்ற சொல்லே மூலம் என்பர். அது விரல் பருமனே உள்ள மெல்லிய மரப்பாம்பின் பெயர்! அருங்காட்சியகத்தில் பெயர்ச்சீட்டுகள் இடம் மாறியதால் ஒல்லிப் பாம்பின் பெயர் பெரும் பாம்புக்கு ஏறியிருக்கலாம் என்று அவர்கள் கருதுவர். தமிழ்ப்பற்று காரணமாக முதற் கருத்தைப் பற்றிக்கொள்ள எனக்கும் ஆசைதான். எனினும் இரண்டாவது கருத்தே வலுவுடையதாகத் தோன்றுகிறது. ஏனெனில் அச்சொல் இன்றும் சிங்களத்தில் உயிருடன் வழங்குகிறது. எவ்வாறாயினும் அப்பெயர் பின்னர்க் கடல் கடந்து, இலங்கையில் வாழாத ஒரு தென் அமெரிக்கப் பாம்பினிடம் நிலைபெற்றுவிட்டது.

இவ்வரலாற்றைப் பொழுதுபோக்குக்காக நான் கூறவில்லை. பெயர் என்பது பிராணியின் மேல் ஒட்டப்பட்ட சீட்டு. அது கழன்று வேறொன்றின் மேல் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது என்பதை உணர்த்தவே கூறினேன். அனகோண்டா விஷயத்தில் சீட்டு மாறியதால் எவருக்கும் கேடு விளையவில்லை. நஞ்சற்ற பாம்பின் சீட்டு நச்சுப்பாம்பின் மேல் ஒட்டிக்கொண்டால் நிலைமை என்ன?

அது நம்மிடையே நடந்துகொண்டுதான் இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் பணியாற்றிய பாட்ரிக் ரஸல் என்ற மருத்துவர், 1796இல் வெளியிட்ட இந்தியப் பாம்புகள் பற்றிய நூலில், பாம்புகளின் தெலுங்குப் பெயர்களையும் கேட்டு எழுதிவைத்தார். அதில் மலைப்பாம்புக்குப் 'பெத்த பொட' என்ற பெயரும், பின்னர் ரஸலின் பெயராலேயே ஆங்கிலத்தில் அழைக்கப்பட்ட கண்ணாடி விரியனுக்குக் 'காடுக ரேகுல பொட' என்ற பெயரும் உள்ளன. ஒன்று நஞ்சற்றது, மற்றது நம் நாட்டில் மிகுதியான மரணங்களை விளைவிக்கும் பாம்புகளுள் ஒன்று. இரண்டிற்கும் பொதுவான பெயர் 'பொட'. மராத்தியிலோ 'கோணஸ்' கண்ணாடி விரியன். 'துர்க்யா கோணஸ்' மண்ணுளியில் ஒரு வகை. என்னை வழுக்கி விழச்செய்த இடம் அதுவே. நம் தமிழும் விதிவிலக்கன்று. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன் என மூன்றையும் ஒரே குடும்பமாகப் பெயரிட்டுள்ளோம். முன்னிரண்டும் விரியன் இனத்தவை. அவற்றின் நஞ்சு இரத்தத்தைக் கெடுப்பது. கட்டு விரியனோ நாகத்தின் உறவு. அதன் நஞ்சு நரம்பைத் தாக்குவது. இரவில் தரையில் உறங்குபவரைக் கடித்தால் வலியும் வீக்கமும் மிகுதியாக இராமலே கண்ணிமை சரிந்து மூச்சுத் தளரும்.

இப்பெயர்க் குழப்பம் கண்ணின் குழப்பத்தினால் பிறந்தது. பருத்த உடல், பழுப்பு நிறம், முதுகில் கருமையான திட்டுகள், மந்தமான நகர்ச்சி. இவை மலைப்பாம்புக் குட்டிக்கும் பொருந்தும், மண்ணுளிக்கும் பொருந்தும், கண்ணாடி விரியனுக்கும் பொருந்தும். கூர்ந்து நோக்கினால் வேற்றுமைகள் தெரியும். கண்ணாடி விரியனின் முதுகில் நீள்வட்டப் புள்ளிகள் கரிய விளிம்புடன் சங்கிலிபோல் மூன்று வரிசையாக ஒழுங்காக அமைந்திருக்கும். தலை முக்கோண வடிவில் கழுத்தினின்று பிரிந்து தெரியும். சீண்டினால் குக்கரின் ஆவிபோல் உரக்கச் சீறும். மலைப்பாம்புக் குட்டியின் திட்டுகள் ஒழுங்கற்றவை, பெரியவை, செதில்கள் வழவழப்பானவை, தலைமேல் அம்புமுனை போன்ற கோலம் இருக்கும். மண்ணுளியின் வால் குட்டையானது. கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன். படத்தில் இவற்றைக் காண்பது எளிது. மாலை மங்கிய ஒளியில், குப்பைக் குவியலின் ஓரத்தில், பந்து தேடச் செல்லும் ஒரு சிறுவனுக்கு இவ்வேற்றுமைகள் தெரியுமா? தெரியாது. அவனுக்குத் தெரிவது ஒரு பெயர் மட்டுமே: "மலைப்பாம்புக் குட்டிடா, ஒன்றும் செய்யாது!" பாம்பு மீட்பில் அனுபவமுள்ளவர்கள் அனைவரும் அஞ்சும் வாக்கியம் இது. மலைப்பாம்புக் குட்டி எனக் கருதிக் கையில் எடுக்கப்படும் பாம்பு கண்ணாடி விரியனாக இருந்துவிடுவது நம் நாட்டில் புதிதன்று.

இதனால் விளையும் கேடு கடித்ததோடு நிற்பதில்லை. 'கடித்தது மலைப்பாம்பு, விஷமில்லை' என்று வீட்டில் இருத்திவிட்டால், சிகிச்சைக்குரிய பொன்னான நேரம் கழிந்துவிடும். கண்ணாடி விரியனின் நஞ்சு குருதி உறையும் தன்மையைக் கெடுக்கும். சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்யும். நம் மருத்துவமனைகளில் உள்ள நச்சுமுறி மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் பொதுவானது. ஆகவே கடித்த பாம்பின் பெயரை மருத்துவர் அறிந்தே ஆகவேண்டும் என்பதில்லை. இரத்தம் உறைகிறதா, இமை சரிகிறதா என்று சோதித்தே மருந்து கொடுக்க இயலும். பாம்பைப் பிடித்துக்கொண்டோ அடித்துக்கொண்டோ மருத்துவமனைக்கு வரவேண்டுவதில்லை. பெயர் தெரியாதவனுக்கு மருந்து உண்டு. பெயரைத் தவறாகத் தெரிந்தவனே மருந்தைத் தேடிச் செல்லாமல் இருந்துவிடுகிறான். இந்நுட்பத்தை நாம் மறத்தலாகாது.

இழப்பின் அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் மக்கள் பாம்புக்கடியால் மாண்டனர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. 2024 மார்ச்சு மாதத்தில் மத்திய அரசு தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டு, 2030க்குள் இம்மரணங்களைப் பாதியாகக் குறைப்பது என்ற குறிக்கோளை மேற்கொண்டது. அவ்வாண்டு நவம்பரில், பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. மருந்தும் மருத்துவரும் பெருகுவது ஒருபுறம். மக்கள் கையில் சேரும் தாள்களில் பிழையற்ற பெயர்கள் இருப்பது மறுபுறம். இரண்டாவது நம் பொறுப்பு.

மறுதிசையில் விளையும் கேடும் சிறிதன்று. இந்தோனேசியாவின் சுலவேசிப் பகுதியில் 2017, 2018ஆம் ஆண்டுகளில் வலைக்கோல மலைப்பாம்பு மனிதரை விழுங்கிய செய்திகளும் படங்களும் உலகெங்கும் பரவின. தமிழில் அச்செய்தி 'மலைப்பாம்பு' என்றே வந்தது. அதைப் படித்தவர் நம் நாட்டு மலைப்பாம்பையும் ஆள்விழுங்கி என்று எண்ணுகிறார். இனம் வேறு, நாடு வேறு. பெயர் ஒன்றானமையால் பழியும் ஒன்றாயிற்று. மண்ணுளியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அதன் மழுங்கிய வால் தலைபோல் தோன்றுவதால் 'இருதலைப் பாம்பு' என்றோம். மராத்தியில் 'மாண்டூள்' என்பர். ஆறு மாதம் ஒரு தலையாலும் ஆறு மாதம் மறு தலையாலும் நடக்கும் என்றும், நக்கினால் குட்டம் வரும் என்றும், வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்றும் கதைகள் வளர்ந்தன. இக்கதைகளை நம்பி அதைப் பெரும் விலைக்கு விற்க முயன்றவர்கள் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் பிடிபட்ட செய்திகள் பலமுறை வந்துள்ளன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவ்வணிகம் குற்றமாகும். ஒரு பெயரிலிருந்து ஒரு பொய்யும், அப்பொய்யிலிருந்து ஒரு கள்ளச்சந்தையும் பிறந்திருக்கின்றன.

இதற்குப் பரிகாரமாக இரு யோசனைகள் கூறப்படுவதுண்டு. ஊர்ப் பெயர்களை விட்டு விஞ்ஞானப் பெயர்களை மட்டும் வழங்கினால் போதும் என்பர் சிலர். விஞ்ஞானப் பெயர் அறிஞர்களுக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயின் அதுவும் அசையாத தூணன்று. நம் மலைப்பாம்பு 1758இல் 'கொலூபர்' என்ற பெயரின்கீழ் இருந்து பின்னரே 'பைதான்' ஆயிற்று. வலைக்கோல மலைப்பாம்பு 1801இல் 'போவா'வாக அறிமுகமாகி, 'பைதான்' ஆகி, இப்போது 'மலாயோபைதான்' ஆகியுள்ளது. பர்மிய மலைப்பாம்பு 2009 முதல் தனி இனமாகக் கருதப்படுகிறது. அன்றியும், தாராவியில் கூரைமேல் பாம்பைக் கண்டு கூவும் தாய் எவரும் இலத்தீனில் கூவப்போவதில்லை.

வேறு சிலர், எல்லாப் பாம்புகளுக்கும் குழப்பமற்ற புதிய தமிழ்ப் பெயர்களைப் படைத்துக் குழு ஒன்றின் வாயிலாகப் பரப்பலாம் என்பர். சொல்லாக்கத்தில் எனக்கும் ஈடுபாடு உண்டு. அதுவே என் தொழில். மின்னணுவியலுக்கும் அணுவியலுக்கும் அம்முறை ஏற்றது; ஏனெனில் அவற்றிற்கு முன்னர்ப் பெயரில்லை. பாம்பிற்கோ ஆயிரமாண்டுப் பெயர்கள் உள்ளன. மக்கள் நாவிலுள்ள சொல்லைப் பிடுங்கி வேறு சொல்லை ஊன்ற முயன்றால், நம் தாள் ஒரு பெயரும் தெரு வேறொரு பெயரும் கூறும். குழப்பம் ஒன்று இரண்டாகும்.

ஆகவே என் யோசனைகள் எளியவை. முதலாவது, பாம்பு பற்றிய எந்தத் தாளிலும் தனிப்பெயரை மட்டும் அச்சிடலாகாது. படம், வழங்கும் பெயர்கள், நஞ்சு உண்டா இல்லையா என்ற செய்தி ஆகிய மூன்றும் ஒருங்கே நிற்கவேண்டும். மும்பைக்கான தமிழ்த் தாளில் மராத்தி, இந்திப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தருதல் வேண்டும். ஏனெனில் இங்குள்ள தமிழ்ச் சிறுவன் பாம்பின் பெயரை அடுத்த வீட்டு மராத்திச் சிறுவனிடமிருந்தே கேட்டறிகிறான். 'கோணஸ் என்றால் கண்ணாடி விரியன். துர்க்யா கோணஸ் என்றால் மண்ணுளி. இரண்டையும் தொடாதே' என்ற ஒரு வரி பல பக்கங்களுக்கு ஈடாகும்.

இரண்டாவது, 'நஞ்சற்றது' என்ற சொல்லை 'கையில் எடுக்கலாம்' என்று பொருள்படும்படி ஒருபோதும் எழுதலாகாது. நஞ்சற்ற பாம்பைக் கொல்லாதிருக்கவே அச்சொல் பயன்படவேண்டும். அதனோடு விளையாட அன்று. இது ஆசிரியர்கள் வகுப்பில் வற்புறுத்த வேண்டிய செய்தி. பாம்பு எதுவாயினும் விலகி நில், பெரியவரை அழை, பாம்பு மீட்பவருக்கும் வனத்துறைக்கும் தெரிவி என்பதே பாடம்.

மூன்றாவது, களப்பணியாளர்கள் தகவல் பெறும்போது 'என்ன பாம்பு?' என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாமல் 'எப்படி இருந்தது?' என்றும் கேட்டல் வேண்டும். பெயரைச் சொல்லுபவர் தம் ஊர் வழக்கைச் சொல்லுகிறார். உருவத்தைச் சொல்லுபவர் தாம் கண்டதைச் சொல்லுகிறார். கடிபட்டவர் விஷயத்தில் இரண்டையும் கேட்டுக் காலம் கழித்தல் கூடாது. அவரை அசையாமல் இருத்தி, கட்டுப் போடாமலும் கீறாமலும் உறிஞ்சாமலும் உடனே மருத்துவமனை சேர்ப்பதே கடமை.

நான்காவது, என்னையொத்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு. அகராதியைப் பார்த்து எழுதிய பிராணிப் பெயர் எதனையும், அப்பிராணியைக் கண்ணால் கண்டவரிடம் ஒருமுறை காட்டாமல் அச்சுக்கு அனுப்பலாகாது. மாட்டுங்காவில் அமர்ந்து எழுதும் எனக்குத் தெரியாததை, மித்தி ஆற்றங்கரையில் குப்பைமேடாயிருந்து காடாக மாறிய பூங்காவின் ஓரத்தில் திரியும் ஒரு களப்பணியாளர் அறிவார். சொல் என்னுடையதாயினும் பொருள் அவருடையது.

இவ்வுண்மைக்கு நம் இருளர் மக்களே சான்று. 1978இல் தொடங்கிய அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நச்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சை அளித்து நாட்டுக்குப் பெருந்தொண்டு புரிந்துள்ளது. அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவர் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கு அயலிலிருந்து வந்து பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்துப் பிடித்துக் காட்டினர்.  அப்பாம்பின் ஆங்கிலப் பெயரோ இலத்தீன் பெயரோ அவர்களுக்கு உதவவில்லை. தடத்தைப் பார்த்தனர், புல்லின் சாய்வைப் பார்த்தனர், எச்சத்தைப் பார்த்தனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

பெயரைக் கற்பிக்கும் நாம் பார்வையையும் உடன் கற்பித்தால்தான் அப்பெயர் மெய்யாகும். அடுத்த மழைக்காலத்திற்கான தாள் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அதிலுள்ள பாம்புப் பெயர்களின் எதிரில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டு வைத்திருக்கிறேன். அக்களப்பணியாளர் வந்து பார்த்த பின்னரே அவற்றை அழிப்பேன். தத்தம் ஊரில் இப்பாம்புகளுக்கு வழங்கும் பெயர்களை, அவற்றின் உருவ விவரத்துடன் வாசகர்கள் எழுதி அனுப்பினால், நம் தாள்களில் இன்னும் பல கேள்விக்குறிகள் நீங்கும்.